முத்துராக்கு அண்ணன் கவாத்து வெட்டிய பழத்தோட்டம்

ஸ்ரக்... ஸ்ரக்... ஸ்ரக்...

பின்வீட்டில் யாரோ கத்தி தீட்டுகிறார்கள். ஈரக்கல்லின் மேல் இரும்பு வழுக்கிப் போகிற சத்தம். பண்டாரவளையில் காலை ஒன்பது மணி, கையில் தேத்தண்ணி, மடியில் பேப்பர், வேலையை விட்டு வீட்டோடு வந்துவிட்ட ஒருத்திக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சநஞ்சச் சிரிப்பில்லை. தேத்தண்ணி பேப்பரில் கொட்டி, கண்ணில் தண்ணீர் வந்து, விலா பிடித்துக்கொள்கிற சிரிப்பு. மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மாவுக்குத் திரும்பவும் கவாத்து வந்திருச்சு" என்று உள்ளே போய்விட்டாள். எங்கள் வீட்டில் இந்தச் சிரிப்புக்கு அதுதான் பெயர்.

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸ் பிள்ளைகள் மூன்று பேர் பார்க்க வந்திருந்தார்கள். தட்டான்பூச்சி மாதிரி பறக்கிற கமரா ஒன்று இப்போது அவர்களிடம் இருக்கிறது. அதை மேலே ஏவிவிட்டால் மலையின் மேடுபள்ளம் எல்லாம் போனுக்குள் வந்து விழுந்துவிடுகிறதாம். வாயைப் பிளந்து பார்த்தேன். பொறாமையாகவும் இருந்தது, பறக்கவேண்டும் போலவும் இருந்தது. அதில் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், ஒங்க சர்வீஸ்ல நடந்த பெரிய தப்பு எது?" சாதனை எது என்று கேட்டிருந்தால் கொட்டாவி விட்டிருப்பேன். தப்பைக் கேட்டாளே, அந்தப் பிள்ளை உருப்படுவாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் தெமோதரைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்தவள். எங்கள் ஊர் ரயில், ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு வட்டம் அடித்து, அதே ஸ்டேஷனுக்கு அடியிலேயே குகைக்குள் நுழைந்து போகும். மலையோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்கக்கூடாது, வளைந்து போகவேண்டும் என்று பால்பல் விழுவதற்கு முன்பே பார்த்துத் தெரிந்துகொண்டவள் நான். பிறகு இரண்டு வருஷப் பயிற்சியில் அதையேதான் தடித்த புத்தகமாகக் கொடுத்தார்கள். பயிற்சியைப் பற்றி அவ்வளவுதான்.

எங்கள் வேலை இதுதான். நூறு வருஷம் தேயிலை நின்று, களைத்து, கைவிடப்பட்ட மலைகள். மேல்மண் எல்லாம் மழையோடு ஓடி, கல்லு விலா எலும்பாகத் தெரியும். மானாப்புல் மட்டும் முளைத்து, வெயில் காலத்தில் யாராவது பீடியைப் போட்டால் பற்றிக்கொண்டு எரியும். அந்த மலையின் குறுக்கே, ஒரே மட்டத்தில், வரிவரியாகக் கிளிரிசீடியா கம்புகளை நட்டு வேலி ஆக்குவோம். அந்த வேலி, ஓடுகிற மண்ணைப் பிடித்து வைக்கும். தழைத்ததும் வெட்டி இலையை மண்ணுக்குப் போர்த்துவோம். வரிசைக்கு வரிசை நடுவில் தோடை என்கிற ஆரஞ்சு, அவகாடோ, மா, கோப்பி. கிளிரிசீடியாவின் மேல் மிளகுக்கொடி. நாலைந்து வருஷத்தில் மண்ணும் பிழைக்கும், மண்ணை நம்பினவர்களும் பிழைப்பார்கள். சொல்ல ஒரு மூச்சுத்தான் ஆகிறது.

எனக்கு மேலே இருந்தவர் நளீம் சேர். பதுளை டவுனில் துணிக்கடைக் குடும்பம். கடையைத் தம்பிக்கு விட்டுவிட்டு மண்ணைத் தேடி வந்தவர். மழையானாலும் வெயிலானாலும் விரிக்காத ஒரு குடை, சட்டைப் பையில் ஒரு சாப்பாட்டுக் கரண்டி. புது மலைக்குப் போனால் யாரோடும் பேசமாட்டார். குந்தி உட்கார்ந்து, கரண்டியால் மண்ணைத் தோண்டி, ஜாம் போத்தலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுக் காத்திருப்பார். மணல் முதலில் இறங்கும், பிறகு வண்டல், கடைசியில் களி. தண்ணீர் தெளிகிறவரைக்கும் பெரிய மனிதர் யார் வந்து பேசினாலும் "பொறுங்க, இவரு இன்னும் பேசி முடிக்கல்ல" என்று போத்தலைக் காட்டுவார்.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. மரியாதை வரும். கோபம் கூடக்கூட மரியாதையும் கூடி, சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்தை விளக்க ஆரம்பிப்பார். ஒருமுறை டிரைவர் கன்றுகளை வெயிலில் விட்டுவிட்டு அப்புத்தளைக்குப் பராட்டா சாப்பிடப் போய்விட்டான். திரும்பி வந்தவனிடம் சேர் முக்கால் மணி நேரம், தேன் பூச்சி எப்படி ஆடி வழி சொல்கிறது என்று விளக்கினார். அவன் அழுதுவிட்டான்.

மட்டம் பிடிக்க அவர் கற்றுக்கொடுத்த கருவிக்கு மூன்று கம்பும் ஒரு நூலும் ஒரு கல்லும் போதும். இரண்டு கம்பை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால் அகட்டி நிறுத்தி, நடுவில் குறுக்குக் கம்பு. உச்சியிலிருந்து நூலில் கல் தொங்கும். கல் குறுக்குக் கம்பின் நடுக்கோட்டில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அங்கே ஒரு முளை அடி, ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்று, திரும்ப மட்டம் பார், முளை அடி. பெண்கள் அதற்கு நொண்டிக்குதிரை என்று பேர் வைத்தார்கள். நொண்டிக்குதிரை ஆடி ஆடி மலையைச் சுற்றும், பின்னாலேயே பெண்கள் முளையும் கல்லுமாக ஓடுவார்கள், கேலியும் சிரிப்புமாக ஒரே அமளி. சம்பளம் இல்லாமலே அந்த வேலைக்குப் போயிருப்பேன். இதை ஆபீஸில் சொல்லிவிடாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தோட்டம். தேயிலை செத்துப்போன ஒரு மலையைப் பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பிரித்து, பரீட்சைக்கு விட்டிருந்தார் அந்தத் தோட்டத்து மேனேஜர் துரை. நிபந்தனை ஒன்றுதான். இரண்டாவது வருஷத்துக் காற்றுக்காலம் முடிந்து, செப்டம்பர் கடைசியில் வந்து எண்ணுவார். மலை முழுக்க வைத்த பழக்கன்றில் மூன்றில் இரண்டு பங்கு உயிரோடு நிற்கவேண்டும். நின்றால் மலை அவர்களிடமே இருக்கும். இல்லையென்றால் திரும்ப எடுத்து டர்பன்டைன் மரம் வைத்துவிடுவார். டர்பன்டைன் நிலத்துத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு யாருக்கும் ஒரு பழமும் தராமல் வானத்துக்குப் போகும்.

அந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு பவளக்கொடிக்கு. கொழுந்து எடுத்த கை, முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண்பிள்ளைகள், வாய் மட்டும் ஏழு ஊருக்குக் காணும். அவளிடம் ஒரு புத்தம்புது பாஸ்போட் இருந்தது. பண்டாரவளை ஏஜென்சிக்காரனிடம் வெளிநாட்டு வீட்டு வேலைக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். "அக்டோபர் மொத வாரம் வரைக்கும் பதில் சொல்ல டைம் வாங்கியிருக்கேன் மிஸ். மரம் நின்னா நானும் நிப்பேன். மரம் போனா நானும் போயிருவேன்." அவள் சிரிக்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது. எனக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது.

மற்றொரு பங்கு முத்துராக்கு அண்ணனுக்கு. தோட்டத்தில் கவாத்து வெட்டி ஓய்ந்தவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தேயிலைச் செடி சில வருஷத்தில் உயரமாகி, கொழுந்து குறைந்துவிடும். அப்போது முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால் புதிதாகக் கிளைக்கும். அதுதான் கவாத்து. ஒரு வெட்டில் விழவேண்டும், பட்டை கிழியக்கூடாது, வெட்டு சாய்வாக இருக்கவேண்டும், மலை முழுக்க மேசை போட்ட மாதிரி ஒரே மட்டமாக இருக்கவேண்டும். அந்தப் பக்கத்தில் முத்துராக்கு அண்ணனை மிஞ்சிய கை கிடையாது. வாயில் எந்நேரமும் வெற்றிலை. நாங்கள் கன்று கொடுத்தபோது, "எல்லாம் சரி, பாக்கு எங்க?" என்று சண்டை பிடித்து, எல்லோருடைய பங்கிலும் பாக்குக் கன்று வைக்கச்செய்தவர் அவர்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் கடைசி. எனக்குப் பதுளையில் இரண்டு நாள் கூட்டம். போகும்போது அவரிடம் சொன்னேன்: "அண்ணே, காத்து வர்றதுக்கு முன்னால கிளிரிசீடியா வரிசைய வெட்டி, எலைய மண்ணுல பரப்பிருங்க."

"அதுக்கென்னா மிஸ். பழைய செட்டு அஞ்சு பேரக் கூட்டிக்கிறேன். நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

நிம்மதியாகப் போனேன். மூன்றாம் நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி, குறுக்குப் பாதையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, வளைவு திரும்பினேன்.

மலை மேசையாக இருந்தது.

கிளிரிசீடியா மட்டுமில்லை. தோடை, அவகாடோ, மா, கோப்பி, நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்த கன்றெல்லாம் முழங்காலில் நின்றன. அடிவாரத்திலிருந்து உச்சிவரைக்கும் ஒரே மட்டம். ஒவ்வொரு கன்றிலும் ஒரே ஒரு கிளை மட்டும் வெட்டாமல் மேலே நீட்டிக்கொண்டிருந்தது, வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்டுக் கை தூக்கிய பிள்ளைகள் மாதிரி. மலையோரத்தில் ஒரு கல்லுக்குச் சந்தனம் பொட்டு வைத்து, கவாத்துச் சாமிக்குத் தேங்காய் உடைத்து, ஆறு கிழவர்களும் குளித்து விபூதி பூசி எனக்காகக் காத்திருந்தார்கள். முத்துராக்கு அண்ணன் ஒரு வாழைப்பழத்தை நீட்டினார்.

"அண்ணே... இது என்ன?"

"கவாத்து."

"இது தோடை."

"தெரியும்."

"அது அவகாடோ!"

"தெரியும் மிஸ். கத்திக்கு வெண்ணெ மாதிரி நின்னுச்சு."

"நான் கிளிரிசீடியாவத்தானே சொன்னேன்?"

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பாதி மலைய வெட்டிப் பாதிய விடுறதா? ரோட்டுல போறவன் பாத்தா என்னா சொல்லுவான்? முத்துராக்குக்குக் கை முடியல்ல, நடுவுல போட்டுட்டு ஓடிட்டான்னு சொல்ல மாட்டான்? ஒசரமும் கட்டையுமா விட்டுட்டு வர்றதுக்கு நான் என்னா நேத்து வேலைக்குப் பேர் பதிஞ்சவனா?"

கிளிரிசீடியாவோடு நிறுத்த அவர்களால் முடிந்திருக்காது. நாற்பது வருஷம் அந்தக் கண் பழகியது அப்படி. மட்டத்துக்கு மேலே ஒன்று தலைதூக்கினால் அது செடி இல்லை, குறை.

சுற்றிலும் பார்த்துக்கொண்டே வந்தவள் கேட்டேன்: "பாக்கு?"

அவருடைய தாடை நின்றது. வெற்றிலைச் சாறு வாயிலேயே நின்றது. மற்ற மரத்துக்கு வெட்டினால் துளிர் வரும். பாக்குக்கு உச்சியில் ஒரே குருத்து. அது போனால் மரமே போச்சு. ஆறு பேரும் மெதுவாகத் திரும்பிப் பாக்குக் கன்றுகளைப் பார்த்தார்கள். அதில் மேலே நீட்டிக்கொண்டு ஒன்றுமே இல்லை.

பவளம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "மிஸ் சொன்ன வேலைன்னாரு, விட்டுட்டோம். வாய்க்குப் போடுறதுக்குன்னு வச்சதுக்கு வாய்க்கரிசி போட்டுட்டாரு பெரியவரு." எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் கை, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்குள்தான் பாஸ்போட்.

சேருக்குப் போன் போட்டேன். அழுகையில் என்ன சொன்னேனோ தெரியாது. கேட்டுவிட்டுச் சொன்னார்: "மகள், அழுறத பொறகு அழுவம். மொதல்ல எண்ணுங்க. நான் நாளைக்கி வாறன்."

வந்தார். முத்துராக்கு அண்ணனுக்குக் கும்பிடு போட்டு, "அண்ணன், ஒங்கட கத்தி எந்த இரும்பு? லொறி வில்லுப் பட்டையா? அதுதான் நல்லம். ஏனெண்டா பாருங்க..." என்று இரும்பு எப்படி உருகுகிறது, எப்படி இறுகுகிறது என்று அரை மணி நேரம். நான் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு மரியாதையை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. பிறகு குந்தி உட்கார்ந்து ஒரு அவகாடோவின் வெட்டைத் தடவினார். கிழியாத பட்டை, சாய்வான வெட்டு. நீட்டிக்கொண்டிருந்த ஒற்றைக் கிளையைப் பிடித்தார்.

"இத ஏன் விட்டீங்க?"

"செடி மூச்சு விடவேணாமா சேர்? மொத்தமா வெட்டுனா வேரு பட்டினியில செத்துரும். ஒரு கெளை விடணும். துளிர் வந்தப்புறம் அதையும் எடுத்துறணும். தேயிலைக்கு அப்பிடித்தான். உசுருன்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே?"

சேர் அந்தக் கிளையை மெல்ல விட்டார். பிறகு குடையை ஊன்றி எழுந்தார். மரியாதை குறைந்த குரலில், அதாவது கோபம் போன குரலில், "பார்ப்பம்" என்றார்.

பார்க்கிற முறை இது. கன்றின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறவேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர். பழுப்பென்றால் போச்சு. இரண்டும் இல்லாமல் மஞ்சளாக இருந்தால் சந்தேகம். துளிர்த்ததற்குப் பச்சைத் துணி, செத்ததற்குச் சிவப்பு, இன்னும் துளிர்க்காததற்கும் சந்தேகத்துக்கும் வெள்ளை. பெண்கள் பழைய சேலைகளைக் கிழித்தார்கள். முதல் வாரம் மலை முழுக்க வெள்ளையும் சிவப்பும்தான். சிவப்பெல்லாம் பாக்கு. பிறகு காற்று வந்தது.

அந்தக் காற்றை எப்படிச் சொல்ல! அப்புத்தளை இடுக்கால் பாய்ந்து, ஜூலை ஆகஸ்ட் முழுக்க இரவும் பகலும், லயத்துத் தகரத்தை மத்தளம் அடித்துக்கொண்டு, கோழிகளைப் பக்கவாட்டில் நடக்கவைத்து, பேச்சை வாயிலிருந்து பிடுங்கிப் பள்ளத்தில் எறிகிற காற்று. வறட்டுக் காற்று. பக்கத்துப் பிரிவில் வேறொரு கூட்டத்தார் வைத்த கன்றுகள் எங்களுடையதைவிட உயரம். முட்டுக் கொடுத்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. எங்கள் மலையில் காற்றுக்குப் பிடிக்க ஒன்றுமே அகப்படவில்லை! வெட்டிப் போட்ட கிளைகளை இலைக்கு மேலே பாரமாக வைத்திருந்தார்கள், அதற்கடியில் மண் ஈரமாகவே கிடந்தது. முழங்கால் உயரக் குட்டிகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு, காற்றுக்கு நாக்கைத் துருத்தின. கோப்பிதான் முதலில். ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலு. பிறகு தோடை. பிறகு மா, செம்புநிறத்தில். தினமும் யாராவது வெள்ளையை அவிழ்த்துப் பச்சையைக் கட்டிவிட்டு மலையில் நின்று கூவுவார்கள். சேலைத் துணி படபடக்க, அந்த மலை திருவிழாவாக இருந்தது. நான் பைத்தியம் மாதிரி ஓடித் திரிந்தேன்.

செப்டம்பர் கடைசியில் துரை ஜீப்பில் வந்து இறங்கினார். வளைவு திரும்பினார். நின்றார்.

"இது யாரு கவாத்து?" தோட்டத்துத் துரைமாருக்கே உரிய அதட்டல் தமிழ்.

முத்துராக்கு அண்ணன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். துரை ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தார். தேயிலைக்காரன் கண் எங்கே போகும்! குனிந்து வெட்டைப் பார்த்தார். "என்னோட தோட்டத்துல இப்ப ஒருத்தனும் இப்பிடி வெட்ட மாட்டான்" என்றார். முத்துராக்கு அண்ணன் அரை அடி உயர்ந்தார். "ஆனா கணக்கு கணக்குத்தான்."

எண்ணினோம். பச்சை கட்டியது ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். பாக்கு எல்லாம் செத்தது, துளிர்க்காமல் போனதும் கொஞ்சம், எல்லாம் கணக்கில் சேர்ந்தது. பங்கு பங்காகப் போய், கடைசியாகப் பவளத்தின் பங்கு. முடிவில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு உயிர் குறைந்தது. அங்கே மூலையில் ஒரே ஒரு வெள்ளைத் துணி பாக்கி. ஒரு அவகாடோ. மூச்சுக்கு விட்ட கிளையையும் காற்று முறித்துவிட்டிருந்தது, வெறும் குச்சி.

"இது செத்தது" என்றார் துரை.

பவளம் குனிந்து குச்சியைக் கட்டைவிரல் நகத்தால் கீறினாள். கொழுந்து கிள்ளிக் கருத்த நகம். பச்சை. பிறகு குச்சியின் அடியில், ஒட்டுக் கட்டின இடத்துக்குச் சற்று மேலே, ஒரு இலைச் சருகை விலக்கினாள். அரிசியளவு ஒரு மொட்டு.

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முழங்கால் மண்ணில் படக் குந்தினார். "இதா? இதுவும் உயிரா?"

"தொரையும் மொதல்ல இத்துனூண்டுதான் இருந்திருப்பீங்க."

துரையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நான் பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தார். "கட்டு. பச்சை கட்டு."

பச்சைத் துணி தீர்ந்துபோயிருந்தது. பவளம் உடுத்தியிருந்த சேலை பச்சை. முந்தானையில் ஒரு ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று கிழித்துக் கட்டினாள். அப்புறம்தான் அவள் அழுதாள். ஆறு கிழவர்களும் சாமிக் கல்லைச் சுற்றி ஆடினார்கள். நளீம் சேர் அன்றுதான் முதன்முதலாகக் குடையை விரித்தார், வெயிலும் இல்லை, மழையும் இல்லை. முகத்தை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவர் அனுப்பிய அறிக்கையில் இதற்குத் 'திட்டமிட்ட உருவமைப்புக் கவாத்து' என்று பேர் வைத்தார். திட்டமிட்டவர் யார் என்று எழுதவில்லை. "எம்பேரு எங்க?" என்று முத்துராக்கு அண்ணன் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அந்தப் பக்கத்து மலைகளில் அவகாடோவைக் குட்டையாக வெட்டித்தான் வளர்க்கிறார்கள். ஏணி இல்லாமல் பெண்கள் நின்றபடி காய் பறிக்கிறார்கள். பவளத்தின் பாஸ்போட் ஒரு முத்திரையும் விழாமல் காலாவதியாகிவிட்டது. அதன் பிளாஸ்டிக் உறைக்குள் இப்போது மிளகு வாங்குகிற ஆட்களின் போன் நம்பர்கள் இருக்கின்றன.

நான் வேலையை விட்ட கடைசி நாள் அந்த மலைக்குத்தான் போனேன். உபசரணை, மாலை, பேச்சு ஒன்றும் வேண்டாம் என்றிருந்தேன். பவளம் தோடை ஜூஸ் கரைத்து, "இது அந்தக் கவாத்து மரத்துது மிஸ், அதான் கொஞ்சம் மட்டமா இருக்கும்" என்று அண்ணனைச் சீண்டினாள். அந்த அவகாடோவைத் தொட்டுப் பார்த்தேன். அதன் அடித்தண்டை இப்போது இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும்.

பஸ் நிற்கிற இடம்வரைக்கும் முத்துராக்கு அண்ணன் கூடவே ஏறி வந்தார். வாய் நிறைய வெற்றிலை, வழி நெடுகப் பேச்சே இல்லை. கையில் ஒரு பை. பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தபோதுதான் அதை என் கையில் வைத்தார். உள்ளே ஒரு பாக்குக் கன்று. அன்றைக்குச் செத்ததற்குப் பதிலாக அவரே தேடி வைத்த மரம் காய்த்து, அந்தக் காயை அவரே முளைக்கப் போட்டது. நேராக ஒரே ஒரு குருத்து, ஈட்டி மாதிரி.

நான் பஸ் படியில் ஏறிவிட்டேன். கண்டக்டர் மணி அடித்தான். அவர் ஓரமாய்த் திரும்பித் துப்பிவிட்டு, இத்தனை வருஷமும் சொன்ன 'மிஸ்' என்ற சொல்லை விட்டுவிட்டு, கையை வாயருகே குவித்துக் கத்தினார்:

"தலைய மட்டும் வெட்டிராத புள்ள!"